சல்லடையில் நிற்காத எண்கள்

"ஒண்ணுலேர்ந்து நாற்பத்தொன்பதுக்குள்ள ஆறு நம்பர். அதை முன்கூட்டியே சொல்ற ஆளைக் காணோம்னு தேடி வந்திருக்கீங்க. அவர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாமே, தான் எங்க காணாமப் போவோம்னு!" என்றான் கொழுந்தன்.

"நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு," என்றாள் அண்ணி.

சாவி வெட்டும் கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் வரும் ஒற்றை அறை அது. அண்ணிக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, தீப்பிடித்தது, தொலைந்தது என்று வரும் விண்ணப்பங்களில் எது நிஜம், எது புளுகு என்று பிரித்துப் போட்டவள். கணவர் போன பிறகு துப்பறியும் பலகையை மாட்டினாள். கணவரின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து முழங்கால் போனதும் வேலையை விட்டவன், உதவிக்கு வந்தான். அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, படியேறி வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை காலை எதிரே உட்கார்ந்திருந்தவள், ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் கிழிந்த போர்வைகளைத் தைக்கும் தையல்காரம்மா. நாற்காலியின் முனையில் உட்கார்ந்திருந்தாள்.

"என் தம்பிங்க. அங்கேயே இஸ்திரி மிஷின் ஓட்டறான். எங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. நான்தான் வளர்த்தேன். பத்து நாளாச்சு, ஆளைக் காணோம்."

"சண்டை ஏதாவது?"

"இல்லீங்க." பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. "நாங்க ஏழு பேர் சேர்ந்து வாரா வாரம் லாட்டரி வாங்குவோம். அவன்தான் நம்பர் பார்த்துச் சொல்லுவான். சல்லடைன்னுதான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவாங்க. வராத நம்பரையெல்லாம் சலிச்சு எடுத்துடுவான். போன பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை குலுக்கல். முதல் பரிசு ஒரே ஒரு டிக்கெட்டுக்கு விழுந்துச்சு. யாருக்குன்னு வெளிய சொல்லலை. அன்னிக்குச் சாயங்காலமே இவன் போயிட்டான். அடிச்ச பணத்தோட ஓடிட்டான்னு கூட வேலை செய்யறவங்க சொல்றாங்க."

"போலீஸ்?"

"வேலை செய்யற இடத்துல லாட்டரிக்குக் கூட்டு சேரக் கூடாது. தெரிஞ்சா கடைசியில கொடுக்கறதா சொன்ன தொகை போயிடும். நாளன்னிக்கு எங்க சலவைக்கூடத்தையே மூடறாங்க. வெளியாள்கிட்ட விட்டுட்டாங்க."

அண்ணி தன் நோட்டை எடுத்துத் திறந்தாள்.

"அன்னிக்கு விழுந்த நம்பர் என்ன?" என்று கேட்டாள் அண்ணி.

"பத்து, எட்டு, ஒன்பது, இருபத்தேழு, நாற்பத்திநாலு, நாற்பத்தொண்ணு."

அண்ணி எழுதிக்கொண்டாள். எழுதியதை ஒரு முறை பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். "வாங்க, உங்க சலவைக்கூடத்தைப் பார்ப்போம்."

*

சலவைக்கூடத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். ஒரு பக்கம் துவைக்கும் மிஷின்கள் உருண்டன. நடுவில், ஆள் நீளத்துக்குச் சூடான உருளைகள் வைத்த இஸ்திரி மிஷின். இரண்டு பெண்கள் ஈரப் போர்வையை ஒரு பக்கம் ஊட்ட, மறுபக்கம் அது அட்டை போல வந்து விழுந்தது. சல்லடை நின்ற இடத்தில் இப்போது சூப்பர்வைசரே நின்றாள். அவள் கோபத்துக்குப் பயந்து நீராவி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எப்படிச் சலிப்பார்?" என்று கேட்டாள் அண்ணி.

நீராவி விரல் விட்டு எண்ணினாள். "திங்கக்கிழமை ஆளுக்கொரு துண்டுத்தாள்ல ஆறு நம்பர் எழுதிக் கொடுக்கணும். மூணு நம்பர் அடுத்தடுத்து இருந்தா வெளிய. ஆறும் ஒத்தைப்படையா இருந்தா வெளிய, இரட்டைப்படையா இருந்தாலும் வெளிய. எல்லாமே முப்பத்தொண்ணுக்குள்ள இருந்தா வெளிய. கூட்டினா ரொம்பக் கம்மியா வந்தாலும் ரொம்ப அதிகமா வந்தாலும் வெளிய. போன வாரம் விழுந்த நம்பர் ரெண்டுக்கு மேல இருந்தா வெளிய. கழிஞ்சதுக்குப் பதிலா அவனே வேற எழுதுவான்."

"பொண்ணு பார்க்கப் போற மாதிரியில்ல இருக்கு!" என்றான் கொழுந்தன். "குட்டை வேணாம், நெட்டை வேணாம், பக்கத்து வீடு வேணாம்னு கழிச்சுக் கழிச்சுக் கடைசியில மாப்பிள்ளைக்கு அறுபது வயசு."

யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி பையிலிருந்து பத்தொன்பதாம் தேதிக் குலுக்கல் முடிவு வந்த பேப்பரை எடுத்தாள். "எட்டு, ஒன்பது, பத்து, இருபத்தேழு, நாற்பத்தொண்ணு, நாற்பத்திநாலு. மூணு நம்பர் அடுத்தடுத்து நிக்குது. அவர் விதிப்படி இதை அவர் தொடவே மாட்டார். அப்போ பரிசு அவருக்கு எப்படி விழும்? அவர் சல்லடையே அவருக்குச் சாட்சி சொல்லுதே."

"ஊருக்கு ஒரு விதி, தனக்கு ஒரு விதி வச்சிருப்பான்." நீராவி உருளையை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில் அவள் குரல் தேவைக்கு மேல் பெரிதாக ஒலித்தது. "இங்க பாருங்க. எனக்கு இது பத்தொன்பதாவது வருஷம். நாளன்னிக்கு வெளிய போனா இந்த வயசுல யார் வேலை கொடுப்பாங்க? அவன் திருடியிருந்தா பணம் எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். இன்னிக்கில்லைன்னாலும் என்னிக்காவது பிடிச்சு வாங்கலாம். அவன் திருடலைன்னு நிரூபிக்கத்தான் வந்தீங்கன்னா, வந்த வழியே போங்க."

ஊட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் தலையாட்டினார்கள்.

"அவர் அலமாரியை மட்டும் காட்டுங்க," என்றாள் அண்ணி.

இரும்பு அலமாரியில் ஒரு பழைய சட்டை, ஒரு தடித்த நோட்டு, ஒரு பிஸ்கட் டப்பா. நோட்டுக்குள் அந்த வாரத்து ஏழு டிக்கெட்டும் கிளிப் போட்டு இருந்தன. ஒன்றிலும் இரண்டு எண்ணுக்கு மேல் பொருந்தவில்லை. நோட்டில் விதிகள், கட்டங்கள், பழைய குலுக்கல்கள். அலமாரி வைத்திருந்த பக்கத்து அறையில், மடித்த போர்வைகளின் மேல் உட்கார்ந்து அண்ணி அதைப் புரட்டினாள்.

"கடைசியில பத்துப் பக்கம் கிழிச்சிருக்கு," என்று எட்டிப் பார்த்தான் கொழுந்தன். "ரகசியத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போயிட்டான்!"

"எழுதின பக்கம் வரிசையா நம்பர் போட்டிருக்கு. ஒண்ணுகூடக் குறையலை. கிழிச்சது வெத்துப் பக்கம்."

"வெத்துப் பேப்பரைத் திருடற திருடன்! இவனைப் பிடிச்சா ஜெயில்ல பேனா கொடுத்தாப் போதும்."

"சரியாத்தான் சொல்றே. பணத்தோட ஓடறவனா இருந்தா எழுதினதைக் கொண்டு போவான், இல்லைன்னா எரிப்பான். வெத்துப் பேப்பரைக் கொண்டு போனவனுக்கு இன்னும் எழுத வேண்டியது பாக்கி இருக்கு." எழுதியிருந்த கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இதைப் படி."

பக்கத்தின் மேல்மூலையை அவள் கட்டைவிரல் மறைத்திருந்தது. கொழுந்தன் உரக்கப் படித்தான்.

"பத்து வருஷம், ஐநூற்று இருபது குலுக்கல். மூணு அடுத்தடுத்த எண் விதி: நூற்றுக்கு ஐந்து சேர்க்கையைக் கழிக்கும். கழிவில் போன முதல் பரிசு, இருபத்தாறு." மனதுக்குள் வகுத்துப் பார்த்தான். "அதுவும் நூத்துக்கு அஞ்சுதான். எல்லா விதியும் சேர்த்து: நூற்றுக்கு நாற்பது மிஞ்சும். மிஞ்சியதில் இருந்த பரிசு, இருநூற்று எட்டு. அதுவும் நூத்துக்கு நாற்பது! அண்ணி, அப்போ இந்தச் சல்லடை..."

"அரிசியையும் கல்லையும் ஒரே அளவுல கீழ விடுது. சலிச்சாலும் ஒண்ணுதான், சலிக்காட்டியும் ஒண்ணுதான். எல்லாரும் சல்லடைக்கு மேல நின்னதைத்தான் பார்ப்பாங்க. இவர் கீழ விழுந்ததை எண்ணியிருக்கார். நேர்மையான ஆள்."

"கீழ விழுந்ததை எங்க வச்சிருப்பார்?"

இருவரும் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார்கள்.

உள்ளே நூற்றுக்கணக்கான துண்டுத்தாள்கள். ஒவ்வொன்றிலும் கழித்த தேதியும், கழித்த விதியும் பென்சிலில் இருந்தன. மேலாக இருந்ததைக் கொழுந்தன் எடுத்துப் படித்தான். தாளை அப்படியே அண்ணியிடம் நீட்டினான்.

பதினான்காம் தேதி. அடுத்தடுத்து மூன்று, கழிவு. அதன் கீழே வேறொரு கையெழுத்தில்: 10, 8, 9, 27, 44, 41.

*

தையல் மிஷின் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூத்தது என்ன தேதியில பிறந்தது?"

மிஷின் நின்றது.

"குலுக்கல் நம்பரைப் பேப்பர்ல ஏறுவரிசையிலதான் போடறாங்க. அதைப் பார்த்துப் படிச்சவங்க எட்டு, ஒன்பது, பத்துன்னு சொல்லுவாங்க. நீங்க பத்துல ஆரம்பிச்சீங்க. பெத்தவங்கதான் மூத்த பிள்ளையிலேர்ந்து எண்ணுவாங்க."

தையல்காரம்மா கையிலிருந்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டாள். "பெரியவன் பத்தாம் தேதி. நடுவுல பொண்ணு, எட்டு. சின்னவன் ஒன்பது. இருபத்தேழு எங்க கல்யாணத் தேதி. நாற்பத்திநாலு நான் வேலைக்கு வர்ற பஸ். நாற்பத்தொண்ணு வீட்டுக் கதவு நம்பர். மூடப் போறாங்கன்னு சொன்ன வாரம்தான் முதல் தடவையா பிள்ளைங்க தேதியை எழுதினேன். அதுவரைக்கும் அதைச் சூதாட்டத்துல வைக்க மனசு வரலை."

"சனிக்கிழமை அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என் பிள்ளைங்க மூணு பேரையும் வரிசையா நிக்க வச்சு வேணாம்னு தள்ளிட்டே, இனிமே அவங்க முன்னாடி வந்து நிக்காதேன்னு சொல்லிட்டேன். சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்." கண்ணைத் துடைக்கவில்லை, கை போர்வையின் கிழிசலைத் தடவிக்கொண்டே இருந்தது. "என் தாள்ல என்ன நம்பர் இருந்துச்சுன்னு இவங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா, ஏழு பேருக்கும் வர வேண்டியதை அவன் குப்பையில போட்டான்னு ஆயிடும். பணத்துக்காக நான் உங்ககிட்ட வரலீங்க. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கணும்."

"அவர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்," என்றாள் அண்ணி. "கடைகள்ல விக்கிற முடிவுப் புத்தகத்துல பத்து வருஷக் குலுக்கல்தான் இருக்கு. அதுக்கு முந்தினது வேணும்னா பழைய பேப்பரைத்தான் புரட்டணும். பைண்டு பண்ணின பழைய பேப்பர் ஒரே இடத்துலதான் இருக்கும்."

*

பொது நூலகத்தின் மாடியில் பேப்பர் அறை. வாசலில் இருந்த ஊழியர், யாரைக் கேட்கிறார்கள் என்று சொல்லும் முன்பே கை காட்டினார். "பத்து நாளா கதவு திறக்கிறப்ப வர்றார், மூடறப்ப போறார். ராத்திரிக்கு எதிர்த்தாப்ல லாட்ஜ்ல தங்கறாராம்."

தையல்காரம்மா படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். "நீங்க முதல்ல போங்க. என்னைப் பார்த்தா எழுந்து போயிடுவான்."

சல்லடைக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு கையிலும் உருளை சுட்ட பழைய தழும்புகள். முன்னால் கதவு அகலத்துக்கு ஒரு பைண்டு விரிந்து கிடந்தது. பக்கத்தில் கிழித்த நோட்டுத் தாள்கள், பொடி எழுத்தில் நிரம்பியிருந்தன. அண்ணி எதிரே உட்கார்ந்து தான் யார் என்று சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை.

"பின்னாடி பதினெட்டு வருஷம் வரைக்கும் பார்த்துட்டேன்," என்றான். "அதேதான் வருது. எந்த விதியா இருந்தாலும் எவ்வளவு கழிக்குதோ, அவ்வளவு பரிசும் அதோட போயிடுது. புதுசா பதினாலு விதி செஞ்சு பார்த்தேன். அந்த ஆறு நம்பரை உள்ள விடற மாதிரி ஒரு விதி பண்ணினா, அது இன்னொரு வாரத்துப் பரிசை வெளிய தள்ளுது."

"லிஃப்ட்டும் அப்படித்தான் சார்," என்றான் கொழுந்தன் தணிந்த குரலில். "ஒரு கதவைச் சரி பண்ணினா அடுத்த மாடிக் கதவு சிக்கும்."

"அப்போ உங்க மேல தப்பில்லைன்னு உங்க கணக்கே சொல்லுதே," என்றாள் அண்ணி. "எந்த ஆறு நம்பருக்கும் விழற வாய்ப்பு ஒண்ணுதான். அதைக் கழிச்சு யாருக்கும் கெடுதல் பண்ணணும்னு நீங்க நினைக்கலை. வீட்டுக்குப் போகலாம்."

அண்ணி பையிலிருந்து அவனுடைய நோட்டை எடுத்துத் திறந்து, காலையில் கட்டைவிரலால் மறைத்திருந்த மூலையைக் காட்டினாள். அங்கே தேதி இருந்தது.

"ரெண்டாம் தேதி. இந்தச் சோதனையை நீங்க ரெண்டாம் தேதியே முடிச்சுட்டீங்க. அக்கா தாளைக் கழிச்சது பதினாலாம் தேதி. சல்லடை சலிக்காதுன்னு தெரிஞ்ச பன்னிரண்டாவது நாள்."

கொழுந்தன் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். இதை அவனிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

சல்லடை பைண்டை மூடினான். "நல்லதும் பண்ணாது, கெட்டதும் பண்ணாதுன்னு தெரிஞ்சுது. அப்புறம் சொல்லுவானேன்னு இருந்துட்டேன். மூடப் போறாங்கன்னு அறிவிப்பு வந்த நேரம். திங்கக்கிழமையானா என் மிஷினைச் சுத்தி நிப்பாங்க. நான் பென்சிலை எடுத்தா மூச்சுகூட விட மாட்டாங்க. என் வாழ்க்கையில யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை."

"அக்கா தாளைக் கழிக்காம அப்படியே விட்டிருக்கலாம்."

"எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அக்காவோடதை மட்டும் விட்டா, விதி எதுக்குன்னு நீராவி கேப்பா. கொஞ்சம் சத்தமாவே சொன்னேன், 'அக்கா, உன் பிள்ளைங்க ஒண்ணா வராதுங்க'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சா." அவன் தழும்புக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். "தெரியாமப் பண்ணியிருந்தா அது தலைவிதி. நான் தெரிஞ்சே, பெருமைக்காகப் பண்ணினேன்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தையல்காரம்மா எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. முழுவதையும் கேட்டிருந்தாள்.

"கோபத்துல சொன்னதுடா," என்றாள். "திரும்ப வாங்கிக்கறேன். எழுந்திரு."

"கோபத்துல சொன்னாலும் சரியாத்தானேக்கா சொன்னே."

"ரெண்டாம் தேதியோ மூணாம் தேதியோ, எனக்கு அதெல்லாம் வேணாம். சின்னவன் தினம் கேக்கறான், மாமா எங்கன்னு."

அவன் கிழித்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். பிறகு அண்ணியிடம் கேட்டான். "அங்க என்ன பேசிக்கறாங்க?"

"நீங்க பணத்தோட ஓடிட்டதா."

"திட்டறாங்களா?"

"நல்லாவே திட்டறாங்க. திருடினா பணம் எங்கேயோ இருக்கு, என்னிக்காவது பிடிக்கலாம்னு சூப்பர்வைசரம்மா சொன்னாங்க."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். "அப்போ அப்படியே இருக்கட்டும். நான் வந்து நின்னா இந்த ஆறு நம்பர் கதையைச் சொல்லித்தான் ஆகணும். கைக்கு வந்ததை நான் எட்டி உதைச்சேன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் தேட ஒண்ணுமில்லை. நாளன்னிக்கு வெறும் கையோட வெளிய போறவங்க, எங்கேயோ இருக்குன்னாவது நினைச்சுக்கிட்டுப் போகட்டும்."

"உன்னைத் திருடன்னு சொல்றதை நான் உக்காந்து கேக்கணுமா?"

"ரெண்டு நாள்தானேக்கா. அப்புறம் ஆளுக்கொரு திசை."

"அதுக்கப்புறம்? வீட்டுக்கு வருவியா?"

"நீராவி வீடு உன் வீட்டுக்கு எதிர்ச் சந்துக்கா. நான் வந்தா அன்னிக்கே தெரிஞ்சுடும்."

தையல்காரம்மா அண்ணியைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் புளுகைப் பிரித்தெடுத்தவளிடம் இதற்கு ஒரு வழி இருக்கும் என்று அவள் நம்பியது தெரிந்தது. அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள்.

தையல்காரம்மா தம்பியின் சட்டைக் கழுத்தை, நாலு வயதுப் பையனுக்குச் செய்வது போல, இழுத்துச் சரிசெய்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

*

திரும்பும் வழியில் கொழுந்தன் வண்டியை ஓட்டினான். இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும் கியரை மாற்றினான்.

சலவைக்கூடத்து வாசலிலேயே நீராவி காத்திருந்தாள். "கிடைச்சானா?"

அண்ணி தன் வாழ்நாளில் பொய் அறிக்கை எழுதியதில்லை. "இல்லை," என்றாள். "கிடைக்கலை."

"தேடுவீங்கல்ல?"

"தேடறோம்."

நீராவியின் முகம் தெளிந்தது. உள்ளே திரும்பி, மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "இன்னும் தேடறாங்களாம்! அவன் எங்க போயிடுவான், பிடிச்சுடலாம்!" ஊட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள். ஒருத்தி, பங்கு வந்தால் முதலில் கூரையை மாற்றப் போவதாகச் சொன்னாள். இன்னொருத்தி அவனைத் திட்ட ஆரம்பித்தாள். நன்றி கெட்டவன், கூடவே இருந்து கழுத்தை அறுத்தவன் என்று வசவு ஒவ்வொரு மிஷினாகத் தாண்டிப் போனது.

மூலைக்குப் போன தையல்காரம்மா பாதியில் விட்ட போர்வையை ஊசிக்கடியில் வைத்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து தலையைத் தூக்கினாள்.

"பாவி," என்றாள். "அவன் என் கூடப் பிறந்தவனே இல்லை. எங்க இருந்தாலும் விளங்க மாட்டான்."

அங்கிருந்த எல்லாரையும்விட உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு மிஷினை மிதித்தாள்.